பழுதின் இருப்பிடம்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியின் தமிழ்ப்பணி, மறைந்த ஆசிரியப் பெருமக்கள், சைவமுந் தமிழும் வளர்ந்த வரலாறு என்பனவற்றுள் ஒன்றைப் பற்றியே எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அப்பொருள்களை எழுதுதற்கு எம்மினுந் தக்கார் பலருளர். யாம் எழுதப் புகுவதோ, கடல் கடந்த நாடொன்றில் முதியவர் ஒருவர் தம் பழைய துவக்கின் பழுதைத் திருத்திய கதையாகும். தமிழாசிரியனுக்குந் துவக்குக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்து வாசிப்பாராக. கதை துவக்கிலே தொடங்கினும் எமது வகுப்பறையிலே தான் முடிகின்றது.

துவக்கின்மேல் எமக்கு விருப்பம் இருந்ததில்லை, அச்சமே இருந்தது. எம் தலைமுறையார் பிள்ளைப் பருவத்திலேயே வெடியோசையைக் கேட்டு, அது எவ்வளவு தொலைவில் என மதிப்பிடப் பழகியவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு நீங்கித் தென்மராட்சியை நோக்கிச் சென்றபோது எமக்கு வயது 15. அக்காலத்திலே சாவகச்சேரிக்கு அண்மையில் ஒரு மாமரத்தின்கீழ் எமது தமிழாசிரியர் வகுப்பு நடத்தினார். நூலில்லை; கரும்பலகை இல்லை. தம் நினைவிலிருந்த செய்யுள்களைச் சொல்லி, ஒவ்வோர் அடியையும் எம்மைக் கொண்டே பதம் பிரிப்பித்தார். “எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே பிரித்துப் பார்” என்பதே அவர் வாயில் எப்பொழுதும் இருந்த சொல். அதன் அருமையை யாம் அன்று அறிந்தோமல்லோம். பின்னாளிலே கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தராதரப் பத்திரத்துடன் இக்கல்லூரிக்கே ஆசிரியராய் வந்தபோதும் முழுமையாக அறிந்தோமென்று சொல்வதற்கில்லை.

2019 ஆகஸ்ட் விடுமுறையில், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே ஸ்பிறிங்பீல்ட் நகருக்கு அண்மையில் வாழும் எம் தமையனாரிடம் சென்றிருந்தோம். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவருடைய அயல்வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். தொழிற்கல்விப் பாடசாலையொன்றில் இயந்திரவேலை கற்பித்து இளைப்பாறியவர். எம்மையும் ஆசிரியர் என்று அறிந்ததும் அவருக்கு எம்மேல் ஒரு பற்று உண்டாயிற்று. நாடோறும் மாலையில் வேலிக்கு அப்பால் நின்று அழைப்பார். தேநீர் அருந்திக்கொண்டு, அவர் தம் மாணவரைப் பற்றியும் யாம் எம் மாணவரைப் பற்றியும் பேசுவோம். குறைகூறுவதே பெரும்பாலும் எம் பங்காக இருந்தது.

ஒருநாள் அவருடைய வேலை மேசையில் நீண்ட துவக்கொன்று கிடந்தது. யாம் வாயிலிலேயே நின்றுவிட்டோம். அவர் அதைக் கண்டுகொண்டார். துவக்கைக் கையிலெடுத்து, அதன் அறையைத் திறந்து, கண்ணாற் பார்த்தார், பின் விரலை உள்ளே விட்டுந் தடவிப் பார்த்து, “இதில் ஒன்றும் இல்லை, வாரும்” என்றார். அதன்பின் யாம் கண்ட ஒவ்வொரு முறையும், சற்றுமுன்னரே வெறுமையாக்கியதாயினும், கண்ணாலும் விரலாலும் சோதியாமல் அவர் அதனைத் தொட்டதேயில்லை. ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவர் தம் நினைவை நம்பாது ஒவ்வொரு முறையும் சோதிப்பது எமக்குப் புதுமையாய்த் தோன்றிற்று.

அது எம்-1 கராண்ட் என்னும் துவக்கு. ஒருவர் இறந்தபின் அவர் வீட்டுப் பொருள்கள் விற்கப்பட்டபோது, முதியவர் அதனை அம்மாநிலச் சட்டத்துக்கு அமைய உரிய அனுமதிப்பத்திரத்துடன் வாங்கியிருந்தார். இதனை ஆக்கியவர் ஜோன் கராண்ட் என்பார். 1888இல் கனடாவின் கியூபெக் மாகாணத்திற் பிறந்து, இளமையிலே அமெரிக்கா சேர்ந்து, நெசவாலையில் வேலை செய்து, இயந்திர நுட்பங்களைத் தம் முயற்சியாற் கற்றவர். 1919 முதல் ஸ்பிறிங்பீல்ட் அரச ஆயுதசாலையிற் பணியாற்றினார். அவர் ஆக்கிய துவக்கை அமெரிக்கப் படை 1936இல் ஏற்றுக்கொண்டது. பின்னர் அவ்வகைத் துவக்குகள் ஐம்பது இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டன. ஆயினும் அவற்றின்பொருட்டு அவர் உரிமைப்பணம் பெற்றாரில்லை.

இத்துவக்கு இயங்கும் முறையை அறிந்தாலன்றி மேல்வருங் கதை விளங்காது; ஆதலின் சுருங்கச் சொல்லுவோம். எட்டு ரவைகளை ஓர் இரும்புக் கிளிப்பில் அடுக்கி மேலிருந்து உள்ளே அழுத்தவேண்டும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை மாத்திரமே வெடிக்கும். சன்னம் குழலின் நுனியை அணுகும்போது, அதனைத் தள்ளிவந்த வாயுவிற் சிறிதளவு ஒரு நுண்டுளையின் வழியே கீழுள்ள உருளைக்குட் புகுந்து, நீண்ட இயக்குதண்டு ஒன்றைப் பின்னே தள்ளும். தண்டு ‘போல்ற்’ எனப்படும் பூட்டைத் திருப்பித் திறந்து பின்னே கொண்டுபோகும்; வெற்றுக்கோது வெளியே வீசப்படும். அப்போது சுருங்கிய சுருள்வில் மீண்டும் நீளும். தண்டும் போல்ற்றும் முன்னே வரும். வரும்வழியில் அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு அறையைச் சேரும். எட்டாம் ரவையும் தீர்ந்தபின் வெற்றுக் கிளிப் மணியோசை போன்றதோர் ஒலியுடன் தானே வெளியே குதிக்கும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழ்வன. இச்சுற்றில் எந்த ஓரிடத்திலே தடை நேர்ந்தாலும் முழுச் சுற்றும் நின்றுவிடும்.

முதியவரின் துவக்கு நின்றுவிடுவதாகவே இருந்தது. மூன்றாவது ரவையிலோ நான்காவதிலோ கோது வெளியே போகும்; ஆனால் அடுத்த ரவை அறைக்குள் வாராது. சிலவேளை கோதே வெளியேறமுடியாமல் போல்ற்றுக்குங் குழலுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். தமையனார் அதைக் கேட்டவுடன், “எழுபத்தைந்து வருடத்துப் பொருள், தேய்ந்துபோயிருக்கும்” என்றார். யாமும் தலையசைத்தோம். வயது போனதன் வினை என்பது எமக்கு ஐயமின்றித் தெரிந்தது.

முதியவர் மறுமொழி கூறவில்லை. ஒரு கொப்பியை எடுத்து, தாளின் நடுவே கோடிட்டார். இடப்புறத்தில் ‘என்ன செய்தது’ என்றும், வலப்புறத்தில் ‘யாது மாற்றினோம்’ என்றும் எழுதினார். ‘ஏன்’ என்பதற்கு இடம் எங்கே என்று யாம் கேட்டோம். “அது கடைசித் தாளில், முதற்றாளில் எழுதினால், பின்னர் நாம் பார்ப்பவையெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தோன்றும்” என்றார்.

துவக்குப் பயில்வோர் சங்கம் ஒன்றின் திடலுக்கு அவருடன் நான்கு முறை சென்றோம். யாம் துவக்கைத் தொடவில்லை. காதடைப்பை அணிந்து பின்னே அமர்ந்து கொப்பியிலே குறித்துக்கொண்டிருந்தோம். முதல் வெடி கேட்டபோது எம் கை நடுங்கிக் கோடு கோணலாயிற்று. அவர் அதைப் பார்த்தும் பாராதவர்போலிருந்தார். முதற் கிளிப்பில் மூன்றாம் ரவையிலும் ஆறாம் ரவையிலும் நின்றது; இரண்டாவதில் நான்காவதில் நின்றது. எழுதினோம். பின்னர் வேறொரு பெட்டி ரவைகளை இட்டார். வேட்டைக்கென விற்கப்படும் மிகுவலியுள்ள ரவைகள் இத்துவக்கின் இயக்குதண்டை வளைத்துவிடக்கூடுமாதலால், பழைய படைத்தர அளவில் அமைந்தவற்றையே தேர்ந்திருந்தார். அப்பொழுதும் நின்றது. ஆகவே ரவையிற் குற்றமில்லை. பழைய ரவைகளையே இட்டுக் கிளிப்பை மாத்திரம் மாற்றினார். அப்பொழுதும் நின்றது. கிளிப்பிலுங் குற்றமில்லை.

இவ்விடத்திலே எமக்குப் பொறுமை போயிற்று. ரவையையுங் கிளிப்பையும் சேர்த்தே மாற்றியிருந்தால் நேரம் மிஞ்சியிருக்குமே என்றோம். “சேர்த்து மாற்றித் துவக்கு நன்றாக இயங்கியிருந்தால், எதனால் நன்றாயிற்று என்று எவ்வாறு அறிவீர்? அறியாமற் பெற்ற வெற்றி மறுநாளே போய்விடும்” என்றார் அவர்.

வீடு திரும்பித் துவக்கைக் கழற்றினார். வாயு உருளையின் முன்புறத்து அடைப்பாணி தளர்ந்திருந்தால் வாயு வீணே கசிந்து, தண்டைத் தள்ளும் வலி குன்றும். அது இறுக்கமாகவே இருந்தது. தண்டும் போல்ற்றும் உராயும் இடங்களிலே பழைய கிறீஸ் காய்ந்து மெழுகுபோல் உறைந்திருந்தது. அதனை முற்றாகத் துடைத்துப் புதிய கிறீஸ் இட்டார். சறுக்கி ஓடுமிடத்துக்குக் கிறீஸ், சுழலுமிடத்துக்கு எண்ணெய் என்பது அவர் தொழிலின் வாய்பாடு. இரண்டாம் முறை திடலுக்குச் சென்றபோது இரண்டு கிளிப்புகளில் ஒருமுறை மாத்திரமே நின்றது. யாம் மகிழ்ந்து, “நோய் தீர்ந்தது” என்றோம். அவர் எம் கையிலிருந்த கொப்பியை வாங்கி, ‘குறைந்தது, தீரவில்லை’ என்று தாமே எழுதினார்.

அடுத்து நுண்ணளவுக் கருவியொன்றால் தண்டின் முனையையும் உருளையின் உட்புறத்தையும் அளந்தார். தேய்வு அளவுக்குட்பட்டே இருந்தது. சுருள்வில்லை அளந்தார், 19 அங்குலத்துக்குக் குறைந்தால் அதை மாற்றவேண்டும் என்பது விதி, அது சற்றுக் குறைந்திருந்தது. மாற்றினார். ஆனால், “தளர்ந்த வில்லால் தண்டு முன்னே வருவது மெலியும், பின்னே போவது மெலியாது. ஆதலால் எமது நோய்க்கு இது மருந்தன்று, மாற்றவேண்டியது என்பதால் மாற்றுகிறேன்” என்று முன்னரே சொல்லிவைத்தார். மூன்றாம் முறை சென்றபோது அவர் சொன்னபடியே துவக்கு மீண்டும் நின்றது.

அன்று மாலை அவர் நெடுநேரம் பேசாமல் மேசையருகே அமர்ந்திருந்தார். பின்னர் சுருள்வில்லை வெளியே எடுத்துவிட்டு, மரக்கட்டையிலிருந்து பிரித்த துவக்கின் இரும்புப் பகுதியை மாத்திரங் கையிலேந்தி, நுனியை மேலுங் கீழுமாகச் சாய்த்தார். இயக்குதண்டு தன் பாரத்தாலேயே தடையின்றி அங்குமிங்கும் ஓடிற்று. பிறகு இரும்பை மரக்கட்டையிற் பொருத்தி மறுபடியும் சாய்த்தார். தண்டு பாதிவழியில் நின்றது.

கட்டையைப் பிரித்து விளக்கின்கீழ்ப் பிடித்தார். தண்டு ஓடும் பள்ளத்தின் ஓரத்திலே விரலகலத்துக்கு ஒரு மினுக்கம் இருந்தது. மரத்தை இரும்பு உராய்ந்த அடையாளம். முன்னே வைத்திருந்த எவரோ பழைய கட்டையை நீக்கிப் புதிய கட்டை இட்டபோது, அவ்விடத்தைப் போதிய அளவு குடையாமல் விட்டிருந்தார். குற்றம் இரும்பிலும் இல்லை, வயதிலும் இல்லை, பிறர் கை செய்த ஒரு சிறு சோம்பலில் இருந்தது. முதியவர் சிரித்துக்கொண்டு, “இச்சோதனையை முதலிலேயே செய்திருக்கவேண்டும். மரம் என்ன செய்யும் என்று எண்ணிவிட்டேன். இதையும் எழுதும்” என்றார். எழுதினோம். மரம் தேய்க்கும் தாளால் அவ்விடத்தைச் சிறிது தேய்ப்பார்; பொருத்திச் சாய்த்துப் பார்ப்பார்; மறுபடியுஞ் சிறிது தேய்ப்பார். ஒரேமுறையில் தேய்த்தாலென்ன என்று அன்று யாம் கேட்கவில்லை. தேய்த்த மரம் திரும்பவும் வளராது என்பதை அதற்குள் அறிந்திருந்தோம். நான்காம் முறை ஐந்து கிளிப்புகள், 40 ரவைகள், ஒருமுறையேனும் நிற்கவில்லை. கொப்பியின் கடைசித் தாளில் ‘ஏன்’ என்பதை எழுதும்படி எம்மிடமே தந்தார்.

விடைபெறுமுன் அவர் எம்மை ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலைக்கு அழைத்துச் சென்றார். 1968இல் அது மூடப்பட்டு, இப்பொழுது நூதனசாலையாக விளங்குகின்றது. தேவாலயத்து இசைக்கருவியின் குழல்கள்போல நிரைநிரையாய்ப் பழந்துவக்குகள் நிறுத்தப்பட்ட அடுக்கொன்று அங்கேயுண்டு. லோங்பெலோ என்னும் அமெரிக்கப் புலவர் 1843இல் அச்சாலையைக் காணவந்து, அத்தகைய அடுக்குகளைக் கண்டு, போர் ஒழிந்து சமாதானம் நிலவவேண்டுமென்று பாடினார் என அறிந்தபோது, அவ்விடத்தில் நிற்பது எமக்கு ஓரளவு ஆறுதலாயிற்று.

அங்கே கராண்ட் துவக்கின் முன் நின்று முதியவர் சொன்ன வரலாறே எம்மைப் பெரிதும் வருத்தியது. பட்டறையிலே திறமான தொழிலாளர் செய்த மாதிரித் துவக்குகள் நன்றாய் இயங்கின. பின்னர் ஆலையிலே பெருந்தொகையாய்ச் செய்யத் தொடங்கியபோது ஒரு விந்தையான நோய் தோன்றிற்று. எட்டு ரவைகளுள் ஏழாவது இடந்தவறி நின்றது. முதல் ஆறும் சரியாகவே சென்றன. வரைபடம் அதுவே, இரும்பும் அதுவே, ஆனால் ஏழாவதில் நின்றது. ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. துவக்கின் உட்புறத்திலே ரவைகளை வழிப்படுத்தும் ஒரு சிறு வரம்பு உண்டு. மாதிரி செய்தோர் அவ்வரம்பை முழுமையாய் விட்டுவைத்தனர். ஆலையிலே வெட்டுங் கருவியை இடையில் நிறுத்தாது நேரே ஓடவிட்டால் வேலை இலகு. அவ்வாறு ஓடவிட்டதில் வரம்பின் ஒரு துண்டு வெட்டுண்டு போயிற்று. அத்துண்டு அற்பமானதென்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். பின்னர் வரம்பை முழுமையாய் விட்டுச் செய்தனர். முன்னரே செய்தவற்றுக்கு உலோகம் உருக்கி ஒட்டி வரம்பைத் திரும்பவும் அமைத்தனர்.

“ஏழாம் ரவையை எவ்வளவு ஆராய்ந்தாலும் குற்றம் அகப்பட்டிராது. குற்றம் அந்த ரவை வருமுன்னரே செய்யப்பட்டுவிட்டது” என்றார் முதியவர். அவர் துவக்கைப் பற்றியே சொன்னார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்லுவோம். எம்மிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்பிலே செய்யுள் வாசிக்க எழுந்தால் முதலிரு சீர்களை நன்றாகச் சொல்லுவான், பின் நின்றுவிடுவான். மறுபடி தொடங்குவான், மறுபடியும் அவ்விடத்திலேயே நிற்பான். வகுப்பு நகைக்கும். யாம் அவனை வெளியே நிற்கச் சொன்ன நாள்களும் உண்டு. அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக்குறைவு, ஊக்கமில்லை’ என்று எம் கையால் எழுதினோம். தந்தையார் வந்து கேட்டபோது, “பிள்ளைக்குத் தமிழ் வராது” என்றுஞ் சொன்னோம். 2018 டிசம்பரில் அவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினான். மற்றைப் பாடங்களிலே சித்தி, தமிழிலே சித்தியில்லை. தாய்மொழியிற் சித்தியின்றி உயர்தர வகுப்புக்குச் செல்ல இயலாது. அவன் கல்லூரியை விட்டு மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அமெரிக்க முதியவரிடம் யாம் குறைகூறிய மாணவருள் அவனும் ஒருவன்.

நோயை ஆராய்ந்து, அதன் முதலை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பொருந்தச் செய்க என்னும் வள்ளுவர் வாக்கை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வந்தவர் யாம். பரிகாரக் கற்பித்தலைப் பற்றி ஆசிரிய கலாசாலையிலே பாடமுங் கேட்டவர் யாம். இருந்தும் அம்மாணவன் விடயத்தில் ‘ஏன்’ என்பதை முதற்றாளிலேயே எழுதிவிட்டோம்.

செப்ரெம்பரில் கல்லூரி தொடங்கியதும் ஒரு புதிய கொப்பி வாங்கினோம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையுந் தனித்தனி அழைத்து, முன்பின் அறியாத ஐந்து செய்யுள்களை வாசிப்பித்தோம். திருத்தவில்லை, வையவுமில்லை, எச்சொல்லிலே நின்றனர் என்பதை மாத்திரங் குறித்தோம். ஒரு கிழமை சென்றது. குறிப்புகளை ஒருங்கே வைத்து நோக்கியபோது எமக்கு மெய் வியர்த்தது. மாணவர் வெவ்வேறானவர், நின்ற இடம் ஏறக்குறைய ஒன்றே. ஈற்றிலுள்ள குற்றியலுகரம், வருஞ்சொல்லின் முதலில் உயிர் வரக் கெட்டு, இரு சொல்லும் ஒன்றாய் ஒட்டி நிற்கும் இடங்களே அவை. ‘மலையினின்றிழிந்தோடிய’ என்பது போன்ற தொடரொன்று வந்தால், அது ‘மலையினின்று இழிந்து ஓடிய’ என்று அவர்களுக்குப் பிரிந்து தோன்றவில்லை. எழுத்துக் கூட்டம் ஒரு சுவராய் எதிரே நின்றது. அவர்களும் நின்றனர்.

இதனினும் பெரியது ஒன்றிருந்தது. அவ்வகுப்பில் ஒரு பகுதியார் ஏழாம் வகுப்பிலே சக ஆசிரியர் ஒருவரிடம் தமிழ் கற்றவர்கள். மறுபகுதியார் எம்மிடங் கற்றவர்கள். அவரிடங் கற்றோருள் இருவர் மூவரே அவ்விடங்களில் நின்றனர். எம்மிடங் கற்றோருட் பெரும்பாலோர் நின்றனர். நூல் அதுவே, கல்லூரி அதுவே. வேறுபட்டது கை ஒன்றே.

அதன்பின் பழைய பாடக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். 2014ஆம் ஆண்டு இரண்டாந் தவணையில் விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் அடுத்தடுத்து வந்து நாள்கள் பல கழிந்தன. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டி, பதம் பிரித்தெழுதும் பயிற்சிகளை அவ்வாண்டு விட்டுவிட்டோம். பொருளைச் சொல்லிக் கொடுத்தாற் போதும், பிரிப்பது தானே வரும் என்பது எம் எண்ணம். வேலை இலகுவாயிற்று. இலகுவாயினமையின் அடுத்த ஆண்டும் விட்டோம். அதற்கடுத்த ஆண்டும் விட்டோம். மாமரத்தின்கீழ் நூலில்லாத காலத்திலே எமக்குக் கிடைத்ததை, கட்டடமும் நூலும் மின்விளக்கும் உள்ள காலத்திலே எம் மாணவருக்கு யாம் கொடாது விட்டோம். எமது ஏழாம் வகுப்பிலே வெட்டுண்ட வரம்புக்காகப் பத்தாம் வகுப்பிலே பிள்ளைகளை வெளியே நிறுத்தினோம்.

கல்லூரியை விட்டுப் போன மாணவனைத் தேடிச் சென்றோம். கராஜிலே ஓர் இயந்திரத்தைப் பிரித்துவைத்து, எண்ணெய் படிந்த கைகளுடன் இருந்தான். எம்மைக் கண்டதும் எழுந்து, “சேர், இருங்கோ” என்று கதிரையொன்றைத் துடைத்துப் போட்டான். யாம் கொண்டுபோன கொப்பியைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். “பிழை எங்கள் பக்கம், தம்பி” என்றோம். அவன் நெடுநேரம் நிலத்தையே நோக்கிக்கொண்டிருந்தான். பின்னர், “அப்பாவுக்கும் இதைச் சொல்லுவீங்களோ, சேர்?” என்று கேட்டான். அவ்வொரு வினாவே எமக்குப் போதிய தண்டனையாயிற்று. அன்று மாலையே அவன் இல்லஞ் சென்று தந்தையாரிடமுஞ் சொன்னோம்.

அவன் வேலை முடிந்தபின் கிழமையில் இரண்டு நாள் எம் இல்லத்துக்கு வந்தான். முதல் மாதம் பொருளே சொல்லவில்லை. ஒட்டிய இடத்தைப் பிரிப்பதொன்றே பாடம். இயந்திரத்தைப் பிரித்துப் பழகிய கைக்கு இது விரைவிலே வசமாயிற்று. 2020இல் நடைபெறவேண்டிய பரீட்சை நோய்த்தொற்றின் காரணமாக 2021 மார்ச்சிலே நடைபெற்றது. அதற்குத் தோற்றித் தமிழிலே சாதாரண சித்தி பெற்றான். உயர்தர வகுப்பிற்கு அவன் திரும்பவில்லை. ஒத்த வயதினர் அதற்குள் வகுப்பைக் கடந்துவிட்டனர். குடும்பத்துக்கும் அவன் உழைப்பு வேண்டியிருந்தது. உருக்கி ஒட்டிய வரம்பு துவக்கை இயங்கச் செய்யும்; கழிந்த காலத்தைத் தாராது. இதனை மறைத்து, எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதுதற்கு எம் மனம் இசையவில்லை.

இப்பொழுது ஏழாம் வகுப்பிலே பதம் பிரித்தற் பயிற்சியை எந்த விழா வந்தாலும் விடுவதில்லை. தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்னுஞ் சொல்லை எழுதுவதை விட்டு, ‘இவ்விடத்தில் நிற்கிறான்’ என்று எழுதுகின்றோம். பெற்றோர் சிலருக்கு இது விளங்குவதில்லை, விளக்கிச் சொல்லுகின்றோம். மாணவன் எங்கே நிற்கின்றான் என்பதை முதலில் எழுதுதல். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல். குறைந்ததைத் தீர்ந்தது என்னாமை. யாவற்றுக்கும் மேலாக, எமது கையையும் சோதனைக்குட்படுத்துதல்: அம்முதியவரின் மேசையிலே யாம் கற்றவை இவையே. துவக்கின்மேல் எமக்கிருந்த அச்சம் இன்றும் நீங்கவில்லை. நீங்கவேண்டுமென்றும் யாம் விரும்பவில்லை.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி மலரிலே கல்லூரி உங்களுக்குத் தந்தவற்றையெல்லாம் நன்றியுடன் எழுதுகின்றீர்கள். அஃது உங்கள் பெருந்தன்மை. அதனோடு, நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்தப் பாடத்தில், எந்த வகுப்பில் என்பதையும் ஒரு கடிதத்திலே எமக்கு எழுதுவீர்களாயின், இப்பொழுது அவ்வாங்குகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரும் உதவியாகும். ஆசிரியரின் பெயரை எழுதவேண்டுவதில்லை. அவ்வாசிரியர் யாமாயின், பெயரையும் எழுதுக.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.